ஒரு சாண் இறங்கிய அம்மன்

என் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை விரித்தபோது இரண்டு பாய் நீளம் இருந்தது. மின்விசிறிக் காற்றில் சுருண்டு சுருண்டு எழுந்தது. ஒரு மூலைக்கு அரிசிப் படி, ஒரு மூலைக்குக் குழவிக் கல், ஒரு மூலைக்கு என் கணவரின் மாத்திரை டப்பா வைத்தோம். நாலாவது மூலையில் நிர்மலா மேடமே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேடம் சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் நான் மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

“இது ஏரி. இது உங்க தெரு. இந்த நீலக் கோடு எங்க வந்து நிக்குது, பாருங்க அக்கா.”

குனிந்து பார்த்தேன். கோடு எங்கள் தெருவின் கோடி வரைக்கும் வந்து, அங்கே கடைசி வீட்டுக்காரியான எஸ்தரின் வாசலுக்கு முன்னால் நின்றிருந்தது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையில் ஒரு தாழ்ந்த சுவர் இருக்கும். அதைக் கலங்கல் என்போம். அந்தக் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் ஏரியில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும், கோடையில் போர்வெல் வற்றாது என்று ஊரே ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உயர்த்தினால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதைச் சொல்லத்தான் மேடத்தின் படம். அன்று பதினொரு மணிக்கு ஊர்க் கூட்டம்.

“ஒரு முழம் உயர்த்தினாலும் எஸ்தர் வீட்டுப் படிக்கு அரைச் சாண் கீழேயே தண்ணி நின்னுடும். தைரியமாச் சொல்லிடலாம்” என்றார் மேடம்.

“தண்ணி இன்னும் வரவே இல்லையே மேடம். அதுக்குள்ள எப்படி இவ்ளோ கறாரா சொல்றீங்க?”

“எல்லாம் ஒரு கல்லை நம்பித்தான் அக்கா. கலங்கல்லேர்ந்து உயரத்தை அளந்துகிட்டே வந்து, உங்க தெரு முனையில ஒரு கல்லை நட்டோம். அதோட தலை என்ன உயரம்னு எழுதி வெச்சோம். அப்புறம் எங்க காலேஜ் பசங்க வந்து, அந்தக் கல்லிலேர்ந்து ஒவ்வொரு வாசப்படியையும் அளந்தாங்க. கல்லு அசைஞ்சா இந்தப் படம் மொத்தமும் பொய்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நீங்க அதுக்குப் பூஜை போடறதா பசங்க சொன்னாங்க. நல்லதுதான். யாரும் தொட மாட்டாங்க, கல்லு பத்திரமா இருக்கும்.”

என் கையில் அவருக்குக் கொண்டுவந்த காபி இருந்தது. டம்ளர் சுட்டது. அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அந்தக் கல்லைப் பெயர்த்து நட்டவள் நான்.

கடலுக்கு நீலம்

நான் படித்தது எட்டாவது வரைக்கும். புவியியல் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தியா படத்தில் கடலுக்கு நீலக் கலர் அடிப்பது. கோடு தாண்டாமல் அடித்தால் டீச்சர் ‘குட்’ போடுவார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன வேலை செய்வார் என்று நான் யோசித்ததே இல்லை.

மேடம் முதன்முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாடியில் நாலு அறை. கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் தங்கியிருக்கிறார்கள். தென்காசி, விருதுநகர், சிவகங்கை என்று ஒவ்வொருத்தியும் ஒரு பக்கம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் இப்போது இப்படி மாடி இல்லாத வீடு குறைவு. மேடம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் எந்த ஊர், எந்த பஸ் பிடித்து வந்தாள், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை போவாள் என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் கோடு போட்டார். கடைசியில் பார்த்தால் தெற்கே இருந்து அத்தனை கோடும் வந்து என் வீட்டு மாடியில் சேர்ந்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. தினமும் ஏறி இறங்கித் துணி காயப்போடுகிற மாடி!

தென்காசிப் பெண் மாரிச்செல்வி வாயாடி. “எல்லாம் எழுதுதீயளே மேடம், எங்க கம்பெனியில ஓ.டி. இல்லன்னுட்டாவ, அதையும் எழுதுங்க” என்றாள்.

மேடம் எழுதவில்லை, விளக்கினார். எங்கேயோ தூரத்தில் ஒரு கடலில் சண்டைக்குப் பயந்து கப்பல்கள் சுற்றிக்கொண்டு வருகின்றனவாம். அதில் வர வேண்டிய ஒரு சின்னப் பொருள் வந்து சேரவில்லை. அது வராததால் இங்கே கம்பெனியில் லைன் ஓடவில்லை, ஓவர்டைமும் இல்லை.

“எவனோ எங்கனயோ சண்ட போட்டா என் ஓ.டி. எதுக்கு மேடம் போகணும்? நான் அவன என்ன சொன்னேன்?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் தெரியாத அந்தக் கடலுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். எங்கேயோ அலை அடித்தால் என் மாடியில் ஒரு பெண்ணின் முகம் வாடுகிறது. இதையெல்லாம் ஒரு நூலில் கோத்து வைத்திருக்கிறவன் எவ்வளவு பெரியவன்!

மஞ்சளும் சிவப்பும்

இதே பத்தியில் போன வாரம் என் கணவரின் ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் பிழைத்து வீடு திரும்பிய மறுநாள், வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தேன். தெரு முனையில், சாக்கடை ஓரத்தில், நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இல்லாத ஒரு கல் நின்றிருந்தது. முழங்கால் உயரம். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வட்டமாக மஞ்சள். மஞ்சளுக்கு நடுவில் சிவப்புப் பொட்டு.

இருபது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, “தாயே, அவரைக் கொடு, உனக்கு என் தெருவிலேயே இடம் பார்க்கிறேன்” என்று வேண்டிக்கொண்டவள் நான். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன நினைப்பேன்?

எதிர் வீட்டு சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோடி வீட்டு எஸ்தர், கம்பெனி கேண்டீனுக்குப் பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவள், நின்று பார்த்தாள்.

“அக்கா, அது காலேஜ் பசங்க நட்ட கல்லுக்கா. நேத்து நான் பார்த்தேன். பெயின்ட் டப்பாகூட வெச்சிருந்தானுங்கோ.”

“உன் வேலையப் பார்த்துகினு போடி” என்றேன். “நீ கும்பிடாட்டி போ. கும்பிடறவங்கள ஏன் கெடுக்கற?”

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ரெண்டு மாதம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

சாக்கடை ஓரத்தில் தாயை விட மனசு வரவில்லை. கடப்பாரை எடுத்துவந்து நானே அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். ரெண்டு அடி தள்ளி வேப்பமரத்தடியில் குழி எடுத்தேன். கோயிலில் பிரதிஷ்டை செய்யும்போது பார்த்திருக்கிறேன்: ஆழமாக இறக்கினால்தான் சாந்நித்தியம் நிற்கும் என்பார்கள். நவதானியம் போட்டு, முன்பு இருந்ததைவிட ஒரு சாண் ஆழமாகவே இறக்கி, மண்ணைக் கெட்டிப்படுத்தினேன். மஞ்சள் பாவாடை கட்டினேன். ஆடியில் தெருவே சேர்ந்து கூழ் ஊற்றினோம்.

தலைமேல் கோல்

ஆடி முடிந்ததும் காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் மூன்றுகால் மெஷினோடு வந்தார்கள். மேடம் அப்போது வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். பையன்கள் புது ஆட்கள். கல் நட்டபோது வந்தவர்கள் இல்லை. கையில் இருந்த தாளில் ‘வேப்பமரம் அருகே’ என்று இருந்ததாம். மரமும் இருந்தது, கல்லும் இருந்தது. அதன் தலையில் அளவுகோலை நிறுத்தப் போனார்கள்.

சரசு பாய்ந்துவிட்டாள். “டேய்! அம்மா தலை மேல கோல் வெப்பியா? உங்க அம்மா தலைல வைடா!”

“ஆன்ட்டி, இது எங்க கல்லு ஆன்ட்டி...”

“இன்னாது, உங்க கல்லா? உங்கப்பன் வூட்டுக் கல்லா?”

அப்போதுதான் எனக்கு எஸ்தர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதன் நட்ட கல்லில் தெய்வம் வந்து உட்காராதா? கோயிலில் இருப்பதும் சிற்பி கொத்திய கல்தானே? பையன்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “வெச்சிக்கோங்கப்பா, அம்மாவுக்குச் செங்கோல் மாதிரி இருக்கட்டும்” என்றேன். அவர்கள் அளந்தார்கள், குறித்தார்கள், பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரெண்டு அடி தள்ளி நட்டதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு சாண் ஒரு ஊரை மாற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பதினொரு மணிக் கூட்டம்

மேடம் காபியைக் குடித்துவிட்டுப் படத்தைச் சுருட்டினார். நான் பின்னாலேயே நடந்தேன். நடக்க நடக்கக் கணக்கு ஓடியது. கல் ஒரு சாண் இறங்கிவிட்டது. அதிலிருந்து அளந்ததால் எங்கள் வாசல்களெல்லாம் ஒரு சாண் ஏறிவிட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. அப்படியானால் தண்ணீர் எஸ்தர் படிக்கு அரைச் சாண் கீழே நிற்காது. அரைச் சாண் மேலே, வீட்டுக்குள்ளே நிற்கும். அவள் வீடு, அதை ஒட்டி மூன்று வீடு.

என் வீடு தெருவின் மேட்டில். எனக்கு ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கூட்டத்தில் எஸ்தர் முன்வரிசையில் இருந்தாள். புருஷன் இல்லாமல் கேண்டீனில் பாத்திரம் கழுவி எழுப்பிய வீடு. மேடம் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கியதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. “என் வூட்டுக்குத் தண்ணி வராதுன்னு மேடமே சொல்ட்டாங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் எழுந்தார். “அப்போ ஒரு முழம் உசத்திடலாம். சம்மதம்னா கை தூக்குங்க.”

மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“இன்னா லோகுக்கா, அம்மனுக்கு ஷெட்டு கேக்கப் போறியா?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“தலைவரே, அந்தக் கல்லை நான் பேத்து வேற எடத்துல நட்டேன். ஒரு சாண் கீழ எறங்கிகீது. மேடம் படம் தப்பு. எஸ்தர் வூட்டோட நாலு வூட்டுக்குள்ள தண்ணி வரும். மேடம் மேல தப்பில்ல.”

சிரிப்பு நின்றது. முதலில் கத்தியது மேலத்தெரு கன்னியப்பன். “வெயில்ல லாரித் தண்ணிக்குக் கொடத்த வெச்சிகினு நின்னது மறந்துபோச்சா? நாலு வூட்டுக்காக ஊரே காயணுமா?”

அதைவிட வலித்தது சரசு கேட்டது. “அம்மனை சர்வே கல்லுன்றியாக்கா? உன் வாயாலயா? என் மருமவளுக்கு வயித்துல நின்னது எந்தக் கல்லால?”

“வெறும் கல்லுன்னு நான் சொல்லலடி” என்றேன். “எறக்கி வெச்சது என் கை. தப்பு என் கையோடது, அவளோடது இல்ல.”

மேடத்தைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக எழுந்து, “தப்பு எங்களோடதுதான்” என்றார். “கேக்காம கொள்ளாம உங்க தெருவுல ஒரு கல்லை நட்டுட்டுப் போனோம். எதுக்குன்னு ஒரு வார்த்தை யாருக்கும் சொல்லல. உலகத்துல எங்கெங்கயோ போய் ஊர்க்காரங்களைக் கேக்கணும், கேக்கணும்னு பேசிட்டு வர்றேன். இங்க நான் கேக்கல.”

“அம்மாவைத் தோண்ட விட மாட்டோம்” என்றாள் சரசு.

“தோண்ட வேண்டாம்மா. எங்க உக்காந்திருக்காங்களோ அங்கயே இருக்கட்டும். கலங்கல்லேர்ந்து மறுபடி அளந்துட்டு வருவோம். இப்பவே.”

வெளியே வந்தபோது எஸ்தர் என் பக்கத்தில் நடந்தாள். பிறகு, “சொல்லாம இருந்திருந்தா யாருக்குக்கா தெரியும்?” என்றாள்.

“தண்ணிக்குத் தெரியும்டி.”

கண்ணாடிக்குள் ஒரு கோடு

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மெஷின்மேல் வெயில் படக்கூடாது என்று குடை பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பிடித்தேன். கலங்கலில் ஆரம்பித்து ஏரிக்கரை, வாய்க்கால் மேடு, டிரான்ஸ்ஃபார்மர், எங்கள் தெரு என்று மெஷினை வைத்து வைத்து எடுத்து வந்தோம். பின்னாலேயே பாதி ஊர் நடந்தது.

கரையில் ஒரு இடத்தில் மேடம் என்னைக் கூப்பிட்டு, “பாருங்க அக்கா” என்றார். கண்ணை வைத்தேன்.

தூரத்தில் பையன் பிடித்திருந்த கோல் கைக்கெட்டுகிற மாதிரி வந்து நின்றது. அதன் குறுக்கே, முடியைவிட மெல்லிசாக ஒரு கோடு. பையனுக்குப் பின்னால் கம்பெனி ஷெட்டுகள், ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள், கானல். எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கோடு மட்டும் ஆடவில்லை.

“அந்தக் கோடுதான் மட்டம். அதுக்கு மேல இருக்கிறது மேடு, கீழ இருக்கிறது பள்ளம்” என்றார்.

எங்கள் தெருவுக்கு வந்து திரும்பவும் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் சமதரை என்று நினைத்து நடந்த தெரு. சமதரையே இல்லை. என் வாசலிலிருந்து எஸ்தர் வாசலுக்கு மூன்று சாண் பள்ளம். இத்தனை வருஷம் அவள் என் வீட்டுக்கு ஏறி வந்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்கு இறங்கிப் போயிருக்கிறேன். என் காலுக்கே தெரியவில்லை.

“உங்க மாடியில விழற மழை இந்த ஏரிக்கு வரும். இது வழிஞ்சா அடுத்த ஏரிக்கு, அது வழிஞ்சா அதுக்கடுத்ததுக்கு. அப்படியே கைமாறிக் கைமாறிக் கடலுக்குப் போயிடும்” என்றார் மேடம்.

கோயிலில் அபிஷேகம் நடக்கும்போது தலையில் ஊற்றுகிற தண்ணீர் தோள், மடி, பாதம் என்று வழிந்து கோமுகம் வழியாக வெளியே வரும். பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வானத்திலிருந்து ஊற்றுகிறவனுக்கு இந்த மண்ணே மூர்த்தி என்று அன்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் கலங்கல் ஒரு கோமுகம். குடைக்கம்பியைப் பிடித்தபடியே கண் கலங்கிவிட்டேன். வியர்வை என்று நினைத்து மேடம் கர்ச்சீஃப் கொடுத்தார்.

கல்லிடம் வந்ததும் மேடம் செருப்பைக் கழற்றினார். கும்பிட்டுவிட்டுக் கோலை வைத்தார். நோட்டில் ரெண்டு எண்ணைக் கழித்துவிட்டு எங்களிடம் கையை விரித்துக் காட்டினார், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும்.

“ஒரு சாண். சரியாச் சொன்னீங்க அக்கா.”

ஒரு முழத்துக்குப் பதில் அதில் பாதி, ஒரு சாண்தான் கலங்கலை உயர்த்துவது என்று முடிவானது. மிச்சத் தண்ணீருக்கு ஏரியில் தூர் எடுக்க வேண்டும் என்று கன்னியப்பன் பிடிவாதமாக எழுதி வாங்கினான். ஆனாலும் அந்தக் கோடையில் வழியில் பார்த்தால் என்னோடு பேசமாட்டான். சரசு மூன்று வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரவில்லை. நாலாவது வெள்ளிக்கிழமை மருமகளோடு வந்தாள்.

ஐப்பசி

அடுத்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாவது நாள் காலையில் ஏரி வழிகிறது என்று ஊரே கலங்கலைப் பார்க்க ஓடியது. எனக்குக் கலங்கல் பக்கம் போகத் தோன்றவில்லை. மேடத்திடமிருந்து போன் வந்தபோது நான் எஸ்தர் வீட்டை நோக்கி முழங்கால் வரைக்கும் புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

“அக்கா, தண்ணி எங்க நிக்குது?”

அவர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

“தோ, பார்த்துச் சொல்றேன் மேடம்.”

எஸ்தர் வாசலுக்கு முன்னால் ஏரி வந்து கிடந்தது. பழுப்பு நிறம். மழைத்துளி விழுந்து விழுந்து வட்டம் போட்டது. அதில் வானமும், அவள் வீட்டுச் சுவரில் மாட்டிய சிலுவையும் தலைகீழாக ஆடின. எஸ்தர் கதவைத் திறந்துவைத்து, கட்டிலைக்கூட உயர்த்தாமல், கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை.

“இன்னாக்கா, என் வூட்ல மீன் புடிக்க வந்தியா?”

“மேடம் கேக்கறாங்கடி. எங்க நிக்குதுன்னு.”

எஸ்தர் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே வலது காலை நீட்டினாள். விரல் நுனி வரைக்கும் நீட்டி, தண்ணீரைத் தொடப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நீட்டினாள்.

போனைக் காதில் வைத்தேன்.

“மேடம்,” என்றேன், “எஸ்தர் படியில உக்காந்துகினு காலை நீட்டறா. எட்டல.”